உங்கள் ஹாலுக்கு எந்தத் தாத்தா கடிகாரம்?

ஆளைவிட உயரமான பெண்டுலக் கடிகாரம் ஒன்றை ஹாலில் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்ப்பது மரத்தையும் செதுக்கலையும்தான். அதில் தவறில்லை. முப்பது நாற்பது வருடம் கண்ணெதிரே நிற்கப்போகிற பொருள் கண்ணுக்குப் பிடித்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கடிகாரங்களில் பெட்டியும் உள்ளே இருக்கும் இயந்திரமும் சேர்ந்தே வளர்ந்தவை. ஒரு பாணியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் உயரம், கனம், மணியோசை, சாவி கொடுக்கும் வழக்கம், பழுது பார்க்கும் செலவு எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து விடுகிறீர்கள். அந்தக் கண்ணோட்டத்தில்தான் இங்கே சில பாணிகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. 1656-இல் ஹாலந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் பெண்டுலத்தைக் கடிகாரத்தில் பொருத்தினார். அப்போதைய இயந்திரத்தில் பெண்டுலம் மிக அகலமாக வீச வேண்டியிருந்ததால் அதைக் குட்டையாகத்தான் வைக்க முடிந்தது. 1670-ஐ ஒட்டி லண்டனில் நங்கூர வடிவத் துண்டு ஒன்று வந்தது. பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிப்பது அதன் வேலை. கண்டுபிடித்தவர் ராபர்ட் ஹூக்கா, வில்லியம் கிளெமென்ட்டா என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை. அது வந்தபின் பெண்டுலம் சில டிகிரி மட்டும் அசைந்தால் போதும் என்றாகிவிட்டது. அசைவு குறுகியதும் நீளமான பெண்டுலத்தை ஒடுக்கமான பெட்டிக்குள் தொங்கவிட முடிந்தது. ஒரு பக்க வீச்சுக்குச் சரியாக ஒரு வினாடி எடுக்கும் பெண்டுலத்தின் நீளம் சுமார் 99.4 சென்டிமீட்டர். அதற்கு மேலே இயந்திரம், அதன் கீழே இறங்கிவரும் எடைக்குண்டுகளுக்கு இடம், அடியில் ஒரு பீடம். தாத்தா கடிகாரத்தின் உயரம் இப்படித்தான் வந்தது. அலங்காரமெல்லாம் இந்த எலும்புக்கூட்டின் மேல் போர்த்தியதே.

லண்டன் பாணி

பெரும்பாலோர் மனதில் இருப்பது இதுதான். மேலே வளைந்த முடி, பக்கத்துக்கொரு தூண், பித்தளை டயல், நீண்ட கதவு. ஆனால் இது ஒரே பாணி அல்ல. நூற்றைம்பது வருடத்தில் பலமுறை சட்டை மாற்றியிருக்கிறது. ஆரம்ப காலப் பெட்டிகள் கருங்காலி நிறத்தில், கோயில் முகப்பு போன்ற முக்கோண முடியோடு, அடக்கமாக இருந்தன. தாமஸ் டாம்பியன் போன்றவர்கள் வேலை செய்த காலம் அது. பிறகு வால்நட் மரத் தகடுகளில் பூவும் பறவையும் இழைத்த பெட்டிகள். அப்புறம் சீன அரக்கு வேலையைப் பார்த்து வரைந்த பச்சை, சிவப்பு, கறுப்புப் பெட்டிகள். 1709-இன் கொடும் பனியில் ஐரோப்பாவின் வால்நட் மரங்கள் ஏராளமாகப் பட்டுப்போயின. 1721-இல் அமெரிக்கக் காலனிகளிலிருந்து வரும் மரத்துக்கு பிரிட்டன் இறக்குமதித் தீர்வையை நீக்கியது. இரண்டும் சேர்ந்து மஹோகனிக்கு வழி திறந்துவிட்டன. இன்று ஏல மண்டபங்களில் பார்க்கும் கம்பீரமான செந்நிறக் கடிகாரங்கள் பெரும்பாலும் இந்த மஹோகனி காலத்தவை.

கம்பீரத்துக்கு விலை உண்டு. லண்டன் மஹோகனிக் கடிகாரம் முடியோடும் உருண்டைகளோடும் எட்டடியைத் தாண்டும். ஃபால்ஸ் சீலிங் போட்ட அடுக்குமாடி வீட்டில் அது தலை முட்டிக்கொண்டு நிற்கும். இங்கிலாந்திலேயே இந்தப் பிரச்சினை இருந்தது. தாழ்ந்த கூரைக்காக முடியை அறுத்தவர்களும் உண்டு, ஈரத் தரையில் அடி இற்றுப்போனதால் பீடத்தை வெட்டிக் குட்டையாக்கியவர்களும் உண்டு. பழைய கடிகாரம் வாங்கும்போது பீடம் மேல்பகுதிக்கு ஏற்ற உயரத்தில் இருக்கிறதா என்று கொஞ்சம் விலகி நின்று பாருங்கள். அடி வெட்டிய கடிகாரம் முழங்கால் போட்டு உட்கார்ந்தது போலத் தெரியும்.

வால்நட் இழைப்பு, அரக்கு இரண்டும் மெல்லிய தோலை ஓக் அல்லது பைன் பலகையில் ஒட்டியவை. காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது அடிப்பலகை ஒருவிதமாகவும் மேல்தகடு வேறுவிதமாகவும் விரிந்து சுருங்கும். ஏசி போட்டு அணைத்து, ஜன்னல் திறந்து மூடும் கடலோர ஊர் வீட்டில் இவை வெடிப்பதும் உரிவதும் நடக்கத்தான் செய்யும். பணம் இருந்தாலும் இந்த இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டி மஹோகனி நன்றாகவே தாக்குப்பிடிக்கும்.

நாட்டுப்புற ஓக்

லண்டனை விட்டு வெளியே வந்தால், சிற்றூர்க் கடிகாரக்காரர்கள் செய்த ஓக் கடிகாரங்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தவை இவைதான் என்பதை மறைக்கவில்லை. ஏழடிக்குள் அடங்கும். தட்டையான தலை, சாதாரணக் கதவு, கட்டி மரம். இவற்றில் நிறைய முப்பது மணி நேரக் கடிகாரங்கள். அதாவது தினமும் ஒருமுறை கதவைத் திறந்து சங்கிலியையோ கயிற்றையோ இழுத்து எடையை மேலேற்ற வேண்டும். சாவியே கிடையாது. ஒரே எடைக்குண்டுதான் ஓட்டத்துக்கும் மணிக்கும். ஹைகன்ஸ் வகுத்த முடிவில்லாத கயிற்று வளையம் என்பதால், இழுக்கும்போதும் கடிகாரம் நிற்காமல் ஓடும்.

டயலை நெருங்கிப் பாருங்கள். பழைய நாட்டுப்புறக் கடிகாரங்கள் பலவற்றில் ஒரே ஒரு முள்தான் இருக்கும். எண் வளையத்தின் உள் விளிம்பில், இரண்டு எண்களுக்கு நடுவே நான்கு கட்டங்கள் மட்டும் செதுக்கியிருப்பார்கள். ஒரு கட்டம் கால் மணி. நிமிடக் கோடுகளே இல்லை. முள் ஒரு கட்டத்தின் நடுவில் இருந்தால் ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கிறது என்று கண் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். சந்தைக்கும் தேவாலயத்துக்கும் போகிற விவசாயிக்கு அது போதுமானதாக இருந்தது. அரை மணிக்குள் மணி பார்க்கப் பழகிவிடலாம், குழந்தைகளுக்கும் சொல்லித்தரலாம்.

சாவித் துவாரம் இல்லாத டயல் ஏழ்மையின் அடையாளமாகத் தெரிந்த காலமும் இருந்தது. எட்டு நாள் கடிகாரம் போலக் காட்டுவதற்காகப் போலிச் சாவித் துவாரங்கள் போட்ட முப்பது மணிக் கடிகாரங்கள் உண்டு. எட்டு நாள் கடிகாரத்தில் இரண்டு எடைக்குண்டுகள், ஒவ்வொன்றும் ஐந்தாறு கிலோ. வாரம் ஒருமுறை இரண்டு துவாரங்களிலும் சாவி கொடுத்தால் போதும். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு எட்டு நாள்தான் சரி. தினமும் காலையில் விளக்கேற்றுவதுபோல ஒரு ஒழுங்கு பிடிக்கும் என்பவர்களுக்கு முப்பது மணிக் கடிகாரம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் கணிசமானது. நாட்டுப்புற முப்பது மணிக் கடிகாரங்கள்தான் பழம்பொருள் சந்தையில் மலிவு.

1772-இல் பர்மிங்காமின் ஆஸ்போர்ன், வில்சன் இருவரும் வெள்ளை வண்ணம் தீட்டிய இரும்பு டயல்களை விளம்பரப்படுத்தினார்கள். அதற்குப்பின் பித்தளை டயல் மெல்ல மறைந்தது. பூக்கொத்து, பறவை, நான்கு மூலையில் நான்கு பருவங்கள் என்று வரைந்த வெள்ளை டயல்கள் மங்கலான அறையில் தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரியும். பார்வை மங்கிய பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு வெள்ளை டயலே நல்லது.

டயலின் வளைவில் நிலா இருந்தால் அது தனி அழகு. நிலாத் தட்டில் 118 பற்கள், எதிரெதிராக வரைந்த இரண்டு நிலா முகங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பல் நகரும். 59 அரைநாள் கழிந்தால், அதாவது இருபத்தொன்பதரை நாளில், ஒரு நிலா கடந்து அடுத்த நிலா எழும். பௌர்ணமி அமாவாசை பார்க்கும் வீடுகளில் இது வெறும் அலங்காரமாக நின்றுவிடாது. லங்காஷையர் பக்கத்து அகலமான மஹோகனிக் கடிகாரங்களில் நிலா அடிக்கடி உண்டு, ஆனால் அவை இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஸ்வீடனின் மோரா

மேலே வட்டத் தலை, நடுவில் ஒடுங்கிய கழுத்து, கீழே உப்பிய வயிறு. வெள்ளை, சாம்பல், வெளிர் நீலம். வீட்டு அலங்காரப் படங்களில் இப்போது அதிகம் தென்படுவது இந்த மோரா கடிகாரம்தான். ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்தில் மோரா என்ற ஊரையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்ந்தது. விளைச்சல் போதாத நிலம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விவசாயக் குடும்பங்கள் கடிகார வேலையில் இறங்கின. ஒரு வீட்டில் ஒரு பாகம், அடுத்த வீட்டில் இன்னொரு பாகம் என்று பிரித்துக்கொண்டு செய்தார்கள்.

பெரும்பாலும் இயந்திரத்தை மட்டும் விற்றார்கள். பெட்டியை, இயந்திரம் வாங்கியவரின் ஊர்த் தச்சர் பைன் மரத்தில் செய்து வண்ணம் பூசினார். அதனால்தான் மோரா பெட்டிகளில் இவ்வளவு விதம். வடக்கே ஓங்கர்மன்லாந்து பகுதியில் செதுக்கல் நிறைந்த மணமகள் கடிகாரங்கள் கூட உண்டு. லண்டன் கடிகாரத்தில் பெட்டியும் இயந்திரமும் வெவ்வேறு இடத்திலிருந்து சேர்ந்திருந்தால் மதிப்பு பாதியாகும். மோராவில் அது பிறவிக்குணம்.

சின்ன வீட்டுக்கு மோரா நன்றாகப் பொருந்தும். வெளிர் நிறம் சுவரோடு கலந்துவிடுவதால் ஆறேழடி உயரம் இருந்தும் அறையை அமுக்காது. வயிறு உப்பியிருப்பது அழகுக்கு மட்டும் இல்லை, பெண்டுலக் குண்டு வீச இடம் வேண்டுமே. ஆனால் பைன் மென்மரம். கரையான் இருக்கும் ஊரில், தரையோடு ஒட்டி நிற்கும் பைன் பெட்டி கவலை தரக்கூடியது. மருந்து அடித்து, சுவரிலிருந்து விரல் இடைவெளி விட்டு, அடியில் கல் பலகை வைத்து நிறுத்தச் சம்மதம் என்றால் எடுங்கள். இன்னொன்று, மோரா பிரபலமான பிறகு பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகச் சாம்பல் பூசி விற்பதும், உள்ளே பேட்டரி இயந்திரம் வைத்து விற்பதும் நிறைய. கதவைத் திறந்து எடைக்குண்டுகளைக் காட்டச் சொல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பிரான்ஸின் கோம்த்வாஸ்

கிழக்கு பிரான்ஸின் ஜுரா மலையில் மோர்பியே, மோரே என்று இரண்டு ஊர்கள். பனிக்காலத்தில் வயல்வேலை இல்லாத குடும்பங்கள் செய்த கடிகாரம் இது. பித்தளைத் தகடுகளுக்கு நடுவே ஆங்கில இயந்திரம் அடங்கியிருக்கும். இதன் இயந்திரமோ இரும்புக் கூண்டு. எனாமல் டயலைச் சுற்றி அச்சில் அழுத்திய பித்தளைத் தகட்டில் அறுவடைக் காட்சி, பூக்கூடை, சூரியக் கதிர். பிற்காலக் கடிகாரங்களில் பெண்டுலமே பெரிய அலங்காரத் தட்டு. வண்ணம் தீட்டிய பித்தளை, வயலின் போல வளைந்த பைன் பெட்டியின் கண்ணாடி வழியே அசைவது தெரியும். டயலில் ஒரு பெயரும் ஊரும் இருக்கும். அது பெரும்பாலும் விற்ற கடைக்காரருடையது, செய்தவருடையது அல்ல. பெயரைப் பார்த்து அதிக விலை கொடுக்க வேண்டாம்.

இதன் தனிக்குணம் மணி. ஒரு மணிநேரத்தை அடித்து, இரண்டு நிமிடம் கழித்து அதையே மறுபடி அடிக்கும். முதல் தடவை எண்ணத் தவறியவருக்கு இரண்டாவது வாய்ப்பு. பெரிய தோட்டத்து வீட்டில் அருமை. ஆனால் ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். ஆங்கிலக் கடிகாரம் மணிக்கு மணி மட்டும் அடித்தால் நாளுக்கு 156 அடி. கோம்த்வாஸ் இரண்டு தடவையும், அரைமணிக்கு ஒன்றும் சேர்த்து 336. நள்ளிரவில் இருபத்துநான்கு. சுவருக்கு அந்தப்பக்கம் கைக்குழந்தை இருக்கும் அடுக்குமாடியில் இது ஒத்துவராது. விரும்பினால் மணிக்கான எடையை மட்டும் கழற்றிவிடலாம். ஓட்டம் தனி எடையில் நடப்பதால் கடிகாரம் நிற்காது.

அமெரிக்கப் பாணிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், காரணம் அவை அமெரிக்காவுக்கு வெளியே கிடைப்பது அரிது. மாசசூசெட்ஸின் ராக்ஸ்பரியில் சைமன் வில்லார்ட் செய்தவை ஒல்லியானவை, தலையில் சரிகை போன்ற மரவேலையும் மூன்று பித்தளை உருண்டைகளும் கொண்டவை. என் கண்ணுக்கு ஆங்கிலக் கடிகாரத்தின் அளவுகளை இவைதான் மெருகேற்றின. பிலடெல்பியாவில் அன்னக் கழுத்துபோல இரண்டு வளைவுகள் சந்திக்கும் உயர்ந்த முடி. வானியல் அறிஞர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் அங்கே கடிகாரம் செய்தவர். கனெக்டிகட்டில் ஈலை டெர்ரி மூன்று வருடத்தில் நாலாயிரம் மர இயந்திரம் செய்துதர 1806-இல் ஒப்பந்தம் போட்டு, செய்தும் காட்டினார். சரித்திரத்தில் பெரிய விஷயம். ஆனால் மரப் பல்சக்கரம் ஈரக்காற்றில் உப்பும். கடலோர ஊருக்கு வேண்டாம்.

நேர்கோட்டுப் பாணியும் இன்றைய கடைக் கடிகாரமும்

வளைவும் செதுக்கலும் வேண்டாம், வீடு நவீனமாக இருக்கிறது என்பவர்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நடுமேற்கில் பிறந்த நேர்கோட்டுப் பாணி இருக்கிறது. 1912-இல் ஜார்ஜ் கிராண்ட் எல்ம்ஸ்லி இல்லினாயில் உள்ள பாப்சன் வீட்டுக்காக வடிவமைத்த கடிகாரம் இப்போது சிகாகோ கலைக்கழகத்தில் நிற்கிறது. உயர்ந்த, சதுரமான மஹோகனிப் பெட்டி, பித்தளை இழைப்பு. அசலை வாங்க முடியாது, ஆனால் இந்த வடிவத்தை ஒரு நல்ல தச்சர் தேக்கில் செய்துவிட முடியும். இயந்திரத்தை மட்டும் ஜெர்மனியின் கோஸ்ஹைமில் 1922 முதல் இயங்கும் ஹெர்ம்லே போன்ற நிறுவனத்திடம் வாங்கலாம். மோரா மக்கள் செய்த அதே ஏற்பாடு. தேக்குக்குக் கரையான் பயம் குறைவு, உயரமும் உங்கள் கையில். புதிதாக வாங்கலாம் என்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி இதுதான்.

கடையில் நேராகக் கிடைப்பவை கண்ணாடிக் கதவு, மூன்று பித்தளை எடை, பளபளக்கும் பெண்டுலம். மூன்றாவது எடை கால்மணி இசைக்கு. கேம்பிரிட்ஜில் 1793-இல் பிறந்து பின்னர் லண்டன் நாடாளுமன்றக் கோபுரத்துக்குப் போன மெட்டு அது. மணிநேரத்துக்கு 40 சுரம், நாளுக்கு 960, அதற்கு மேல் மணி அடிப்பு. நல்ல மாடல்களில் இரவில் தானே மௌனமாகும் வசதி இருக்கிறது. அது இல்லாததை வாங்க வேண்டாம். உள்ளே பேட்டரியும், வெறுமனே ஆடும் பெண்டுலமும் வைத்தவற்றை நான் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

பழையதை வாங்கும் முன்

பிரிட்டிஷ் கடிகாரத்தில் பெட்டியும் இயந்திரமும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்திருந்தனவா என்று பார்க்க மூன்று இடங்கள் உண்டு. தலைப்பெட்டியைக் கழற்றி, இயந்திரம் உட்காரும் பலகையைப் பாருங்கள். பழைய துவாரங்கள் இருக்கின்றனவா, உயரத்தைச் சரிக்கட்டப் புது மரத்துண்டு செருகியிருக்கிறதா? டயலுக்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவே சந்து தெரிகிறதா, அல்லது எண்களின் ஓரம் சட்டத்தில் மறைகிறதா? வெள்ளை டயலாக இருந்தால், அதற்கும் இயந்திரத்துக்கும் இடையே வார்ப்பிரும்புத் தகடு ஒன்று இருக்கலாம், அதில் பர்மிங்காம் டயல்காரர் பெயர் இருக்கும். அந்தத் தகடு இருப்பது குறை இல்லை, எந்த டயலையும் எந்த இயந்திரத்தோடும் பொருத்த அந்தக் காலத்திலேயே செய்த வசதி.

எந்தப் பாணியாக இருந்தாலும் லண்டனில் சரியாக ஓடிய கடிகாரம் சென்னைக்கு வந்தால் நாளுக்குச் சுமார் இரண்டு நிமிடம் பின்தங்கும். இயந்திரத்தில் கோளாறு இல்லை. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க புவியீர்ப்பு கொஞ்சம் குறைகிறது, பெண்டுலம் நிதானமாகிறது. 1672-இல் ழான் ரிஷேர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோன கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் தாமதித்ததை வைத்துத்தான் உலகம் இதை முதலில் கவனித்தது. பெண்டுலக் குண்டின் அடியில் இருக்கும் திருகை மேலேற்றி, குண்டை மூன்று மில்லிமீட்டர் உயர்த்தினால் சரியாகும். நம் வெயில் இன்னொரு ஏழெட்டு வினாடி சேர்க்கும்: பதினைந்து டிகிரி சூடு கூடினால் எஃகுக் கம்பி அந்த அளவுக்கு நீளும். மரக்கம்பி பெண்டுலம் இதில் நல்லது. விற்பவர் கடிகாரம் தாமதிக்கிறது என்று சொல்லி விலை குறைத்தால், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுத்தும்போது பெட்டியின் முதுகைச் சுவரில் திருகி இறுக்குவது கட்டாயம். எடைக்குண்டுகள் இறங்கிவந்து பெண்டுலக் குண்டின் உயரத்தை எட்டும்போது, பெட்டி லேசாக ஆடினாலும் அவையும் சேர்ந்து ஆடத் தொடங்கி பெண்டுலத்தின் வலுவைக் குடித்துவிடும். சாவி கொடுத்துச் சில நாள் ஓடிவிட்டு, ஒவ்வொரு வாரமும் அதே நாளில் நிற்கிற எட்டு நாள் கடிகாரத்துக்குப் பெரும்பாலும் இதுதான் நோய், ஒரு திருகாணிதான் மருந்து.